எஸ்தர் வரவில்லை என்று எழுதினேன்

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். தேதி. எதற்கும் எனக்குத் தேதி வேண்டும். ஆலயத்தில் மின்விசிறி மாட்டியது எப்போது, பழைய போதகர் மாற்றலாகிப் போனது என்ன கிழமை, எந்த வருடம் வெள்ளம் வந்து கிறிஸ்துமஸ் ஆராதனை நின்றது — சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் தெப்ராவில் எங்கள் சபையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் போன் எனக்குத்தான் வரும். பதினேழு வயதிலிருந்து ஒருநாள் விடாமல் டைரி எழுதுகிறவன். நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்த புத்தி வேறு. ஓர் அங்குலம் பிசகக் கூடாது.

இன்றைக்கு மட்டும் தேதி போடாமல் எழுதுகிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏற்கெனவே ஒரு பெண்ணைப் பற்றிப் போதுமான அளவு எழுதிவிட்டேன்.

போன மாதம் பழைய டைரிகளைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன். கண்ணில் புரை வளர்கிறது, டாக்டர் நாள் குறித்துவிட்டார், அதற்குள் முடித்துவிடலாம் என்று அவசரம். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். அப்படி வந்தது, பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு சனிக்கிழமை.

'மாலை 7.30. நம் வீட்டில் ஜெபக்கூட்டம். பதினோரு பேர். எஸ்தர் வரவில்லை.'

என் கையெழுத்து. நீல மை. அடித்தல் திருத்தல் இல்லை.

டைரியைத் தவிர மழைக்கென்று தனியாக ஒரு நோட்டு உண்டு. தினமும் மாலை ஆறு மணிக்குக் கொல்லையில் வைத்திருக்கும் குப்பியைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று குறிப்பேன். சிரிக்காதீர்கள்… ஒவ்வொருவருக்கும் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்றிக்கொண்டிருந்தேன். மழை நோட்டில் அதே சனிக்கிழமைக்கு எதிரே இப்படி இருந்தது: 'செகாமட்டில் இருந்தேன். அளக்கவில்லை.'

இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் செகாமட்டில் இருந்தவன், தெப்ராவில் என் வீட்டுக்கு யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று எப்படி எழுதினேன்?

என் மனைவி கிரேஸ் அடுக்களையில் இருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"எஸ்தர் விவகாரத்துல வந்துச்சே, அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுல இருந்தேனா?"

"எங்க இருந்தீங்க? உங்க மச்சான் குளியல் ரூம்ல விழுந்துட்டாருன்னு செகாமட்டுக்கு ஓடினீங்க. மறுநாள்தானே வந்தீங்க."

"எஸ்தர் வந்துச்சா?"

கிரேஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "நீங்க போன் பண்ணி எல்லாரும் வந்தாச்சான்னு கேட்டப்ப, பதினோரு பேரு வந்தாச்சு, எஸ்தர் மட்டும் வரலன்னு சொன்னேன். அதுக்கப்புறம் வந்தா. கடைசி ஜெபத்துக்கு வந்தா. பாலத்துல ஜாம்னு சொன்னா. மீ கோரிங் தனியா எடுத்து வச்சுக் குடுத்தேன்."

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்லா. வந்த மாதிரி ஞாபகம்னு சொன்னேன். நீங்கதான் டைரிய எடுத்துட்டு வந்து காட்டினீங்க. எழுதியிருக்கீங்களே… அப்ப வேற வாரமா இருக்கும்னு நானும் விட்டுட்டேன்."

முப்பத்தெட்டு வருடமாக என்னோடு வாழ்கிறவள். எஸ்தர் கையில் நூடுல்ஸ் தட்டைக் கொடுத்தவள் அவள்தான். தன் கையை நம்பவில்லை, என் நீல மையை நம்பினாள்.

நான் என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எஸ்தர் அப்போது எங்கள் பாடகர் குழுவை நடத்திவந்தவர். கணவரை இழந்தவர். சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலை. விடிவதற்கு முன் கிளம்பிப் பாலம் தாண்டிப் போய், இருட்டின பிறகு திரும்பி வருவார். ஒரே மகன் டேனியல், அப்போது ஃபார்ம் சிக்ஸ், கல்லூரிக்கு முந்திய வகுப்பு. அந்தச் சனிக்கிழமை முடிந்து நாலு மாதம் கழித்து ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் சபையின் குடும்பஸ்தர் ஒருவரோடு எஸ்தரை அந்தச் சனிக்கிழமை இரவு, இரண்டு மணி நேரம் தள்ளி மூவாரில் ஆற்றோரக் கடை ஒன்றில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். தன் சொந்தக்காரர் நிச்சயதார்த்தத்துக்கு மூவார் போன நாள், அதனால் தேதி உறுதி என்றார். எஸ்தர் மறுத்தார். "அன்னிக்கு ராத்திரி கிரேஸ் அக்கா வீட்டு ஜெபத்துல இருந்தேன்" என்றார்.

நாலு மாதம் முந்திய ஒரு சனிக்கிழமை, யார் வந்தார் யார் வரவில்லை என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஜெபத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் கமிட்டியில் ஒருவர் சொன்னார் — "அண்ணன் டைரியில இருக்கும்."

இருந்தது. பெருமையோடு எடுத்துக்கொண்டு போனேன். பெருமை என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன்.

வாசித்தேன். செகாமட் போனது அந்தப் பக்கத்தில் இல்லை, எனக்கும் ஞாபகத்தில் இல்லை. அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எஸ்தர் பாடகர் குழுவிலிருந்து விலக வேண்டும், ஆறு மாதம் திருவிருந்து எடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அந்தக் குடும்பஸ்தர் மறுத்தார், மறுத்ததோடு அவர் விஷயம் முடிந்தது. எஸ்தர் ஆறு மாதம் காத்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறே வரவில்லை. கொஞ்ச நாளில் லாபிஸில் தம்பி வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதையும் டைரியில் எழுதினேன்.

இதோடு நின்றிருந்தால்கூட இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன். ஆனால் கமிட்டியில் டைரியை வாசித்த அந்த வாரத்தில் ஒருநாள் மாலை டேனியல் என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். "அங்கிள், அம்மா உண்மையிலேயே வரலையா?" என்று கேட்டான்.

பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

சரித்திரப் புத்தகங்களை நிறைய வாசிப்பவன் நான். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் கலக்காதே என்பது அந்தத் துறையில் முதல் நாள் பாடம். எத்தனை பேரின் நூல்களில் அந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்து ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்? போனில் கேட்ட ஒரு வரியை மறுநாள் ஞாயிறு மதியம் வந்து, நேரில் இருந்தவன் மாதிரி எழுதிவைத்திருக்கிறேன். பொய் எழுத வேண்டும் என்று எழுதவில்லை. பக்கம் காலியாக இருக்கக் கூடாது என்று எழுதினேன். அவ்வளவுதான்… அவ்வளவுதானா?

விபசாரத்தில் பிடிபட்ட பெண் ஒருத்தியைக் கல்லெறிந்து கொல்ல இயேசுவின் முன் கொண்டுவந்து நிறுத்திய கதை எல்லோருக்கும் தெரியும். பிரசங்கத்தில் அதைக் கேட்கும்போதெல்லாம், கல்லோடு நின்றவர்களில் நான் இல்லை என்று ஒரு நிம்மதி வரும். நான் யாரையும் திட்டுகிறவன் இல்லை, புறம் பேசுகிறவன் இல்லை. எழுதுகிறவன். அந்தக் கூட்டத்தில் எழுதுகிறவனுக்கு இடம் எங்கே என்று இந்த வயதில்தான் யோசிக்கிறேன். கல்லைப் பொறுக்கி, மண் தட்டி, சுத்தமாகக் கையில் கொடுத்தவன் ஒருவன் இருந்திருப்பான். அவனும் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பான்.

அந்தப் பெண்ணை இயேசுவால் 'இனி அப்படிச் செய்யாதே' என்று சொல்லி அனுப்ப முடிந்தது. எஸ்தரிடம் என்ன சொல்லி அனுப்புவது?

ஒரு சனிக்கிழமை காலை, டைரியையும் மழை நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு லாபிஸ் போனேன். கிரேஸ் வரவில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?" என்றாள்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒற்றை வீடு. எஸ்தர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே போடவில்லை, முகமும் மாறவில்லை. கடைசித் துண்டுவரை உலர்த்திவிட்டுத்தான் வந்தார்.

"வாங்கண்ணே. அக்கா நல்லா இருக்காங்களா?"

உள்ளே உட்கார வைத்து, பால் விடாத தேநீர், தே ஓ, கொண்டுவந்தார். நான் இரண்டு நோட்டையும் மேஜையில் விரித்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை.

"நான் வந்தேன்னு எனக்குத் தெரியும்ண்ணே. இத நீங்க எனக்குக் காட்டணுமா?"

"மன்னிப்புக் கேட்க வந்தேன்மா."

"உங்கள அந்த வருஷமே மன்னிச்சிட்டேன். வேற வழி? நாலு மணிக்கு எழுந்திரிச்சு பஸ் பிடிக்கிறவ நான். மனசுல ஒரு ஆள வச்சுக்கிட்டுப் படுத்தா தூக்கம் வராது." கோப்பையை என் பக்கம் தள்ளினார். "குடிங்க, ஆறிடும்."

இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். ஒரு நிமிடம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், லேசாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அவர் கேட்டார். "டேனியல்கிட்ட சொல்றீங்களா?"

டேனியல் பெர்த்தில் இருக்கிறான். படிக்கப் போனவன் அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். கல்யாணத்துக்கு அம்மாவை அழைத்தான், டிக்கெட்டும் அனுப்பினான். மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறான். உடம்பு எப்படி, மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்கிறான். ஒரு குறையும் வைக்கவில்லை.

"ஆனா அண்ணே, என் முகத்தப் பார்த்துப் பேசி பன்னிரண்டு வருஷம் ஆச்சு. வீடியோ கால்லயும் வேற எங்கயோதான் பார்ப்பான். நீங்க மத்தவங்க யாருகிட்டயும் சொல்லாட்டியும் பரவால்ல. அவன்கிட்ட மட்டும் சொல்லுங்க. உங்க வாய நம்புவான்."

அவரே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேஜை நடுவில் நகர்த்தினார். நான் சொன்னேன். செகாமட், போன், கடைசி ஜெபம், மீ கோரிங், மழை நோட்டு… ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அங்கிள்," என்றான் டேனியல். குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கு நான் வந்து கேட்டப்ப, உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?"

"இல்லப்பா."

"இப்ப?"

"இப்பவும் இல்ல."

"ரெண்டு தடவையும் இல்ல. பரவால்ல அங்கிள். உங்களுக்கும் வயசாச்சு, இதையெல்லாம் போட்டு மனச அலட்டிக்காதீங்க. நான் அம்மாவ எப்பவோ மன்னிச்சிட்டேன். அம்மா மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

எஸ்தர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிப்பா, வேலையப் பாரு" என்று மட்டும் சொல்லி அணைத்தார்.

மன்னிப்பைப் பற்றி இந்தப் பத்தியில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கலாம், குறிப்பு இருக்கிறது. மன்னிப்பு மனிதனை விடுவிக்கும் என்று ஒவ்வொரு முறையும் முடித்திருப்பேன். அன்று அந்த மேஜையில் பார்த்தேன்… மன்னிப்பு ஒரு பூட்டு மாதிரி விழுந்தது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. உண்மையாகவே மன்னித்திருக்கிறான், கஷ்டப்பட்டு, ஜெபித்து, வருடக்கணக்காக முயன்று மன்னித்திருக்கிறான். நான் சொல்வது உண்மை என்றால், அந்தப் பன்னிரண்டு வருடத்தை அவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? தாயைத் தவறாகத் தீர்ப்பிட்டவன் தான்தான் என்று ஆகிவிடும். அதைவிட, மன்னித்த மகனாக இருப்பது எளிது.

செய்த பாவத்திலிருந்து விடுதலை உண்டு என்று பிறந்ததிலிருந்து கேட்டுவருகிறேன். நம்புகிறேன். செய்யாத பாவத்திலிருந்து விடுதலை எப்படி என்று யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

மறுநாள் ஞாயிறு. போதகரிடம் அனுமதி கேட்டேன். அவர் புதியவர், நல்லவர். "அது நடந்தப்ப நான் இங்க இல்லண்ணே. இப்ப எதுக்கு…" என்று இழுத்தார். விடாமல் கேட்டு, அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் வாசித்தேன். பாதிப் பேருக்கு எஸ்தர் யார் என்றே தெரியாது. அன்றைய கமிட்டியில் உயிரோடு இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவர் கோலாலம்பூரில் மகள் வீட்டில்.

ஆராதனை முடிந்ததும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள்.

"என்ன தாழ்மைண்ணே உங்களுக்கு."

"இந்தக் காலத்துல யாரு இப்படி ஒத்துக்குவாங்க?"

ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைச் சாட்சியாக வாலிபர் கூட்டத்தில் வந்து சொல்ல வேண்டும் என்றார். எஸ்தர் எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எஸ்தர் தலைகுனிந்து வெளியே போன அதே வாசலில் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எஸ்தர் கூப்பிட்டார்.

"டேனியல் மறுபடி பேசினான்ண்ணே."

"என்னம்மா சொன்னான்?"

"நான்தான் உங்களத் தேடிப் பிடிச்சு, எனக்காகப் பேச வச்சேன்னு நினைக்கிறான். வயசானவரப் போயி பொய் சொல்ல வச்சிருக்கீங்களேம்மான்னு கேட்டான்."

"கோபப்பட்டானா?"

"இல்லண்ணே," என்றார் எஸ்தர். "அதையும் மன்னிச்சிட்டானாம்."