முழங்கால் உதைக்குத் தடை

மருத்துவமனைச் சலவைக்கூடத்து இஸ்திரி அக்காவுக்கு வீடியோ கேமில் தெரிந்தது ஒரே வித்தைதான்: எதிராளியின் முழங்காலில் உதைப்பது. இருபது வருடமாக ஒரே மாதிரி விரிப்புகளைத் தேய்த்த கைக்கு ஒரே பொத்தானை அழுத்துவது சலிக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளைச் சண்டைப் போட்டியில் எல்லாரும் மண்ணைக் கவ்வினார்கள்.

நெருப்பு கக்குவது, அந்தரத்தில் சுழல்வது என்று மாதக்கணக்கில் பழகிவந்த ஆம்புலன்ஸ் டிரைவருக்கு, ஒன்பது முறை தோற்ற பிறகுதான் நியாயம் நினைவுக்கு வந்தது.

"இதெல்லாம் ஒரு ஆட்டமாக்கா? திறமையே இல்லாம உதைச்சுக்கிட்டே இருக்கீங்க!"

"குனிஞ்சா தடுக்கலாம் தம்பி. உனக்குத்தான் கௌரவம் இடம் கொடுக்கல."

மறுநாளே அவன் ஆள் சேர்த்து, முழங்கால் உதைக்குத் தடை என்று சுவரில் எழுதி ஒட்டினான். அக்கா மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியதும் திரையில் ஓடிவந்து அவன் வீரனின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அதன் பிறகு அவள் ஓர் அடி முன்னால் வைத்தாலே போதும், டிரைவரின் வீரன் பழைய பயத்தில் படக்கென்று குனிந்துகொண்டான். நேரம் முடியும்வரை நிமிரவே இல்லை. அந்த ஓர் அறையிலேயே அக்கா ஜெயித்துவிட்டாள்.

"தடை எனக்குத்தானே தம்பி?" என்றபடி எழுந்தாள். "நீ எதுக்குக் குனிஞ்சே?"