வலிக்காத கை

வார்டில் கத்துகிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவாகக் கவலை இருந்ததில்லை. கத்தட்டும். தீக்காயம் வலிக்கிறதென்றால் தோலில் இன்னும் உயிர் இருக்கிறது. சிரித்துக்கொண்டு படுத்திருப்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அந்தப் பெண் சிரித்தாள். தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் நான் நர்ஸாக வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரிக்கு, தீப்பெட்டி ஆபீஸிலிருந்து நேராகக் கூட்டி வந்தார்கள். கழுகுமலைப் பக்கம் ஒரு கிராமம், இருபதைத் தாண்டியவள். பெட்டியில் அடைக்கும்போது குச்சிகள் உரசிப் பற்றிக்கொள்ள, வெறும் புறங்கையால் அமுக்கி அணைத்திருக்கிறாள். யாரோ ஒரு புண்ணியவான் நீல இங்க்கைப் பாட்டிலோடு கையில் கவிழ்த்திருந்தார். அந்தப் பக்கம் தீக்காயத்துக்கு முதல் வைத்தியம் அதுதான். காயத்தின் நிறம் தெரியாமல் ஆழத்தை எப்படிப் பார்ப்பது? புண்ணியவானை மனசுக்குள் திட்டிக்கொண்டே உப்புநீர் விட்டுக் கழுவினேன். மணிக்கட்டில் கொப்புளம், நீர் பட்டதும் துள்ளினாள். புறங்கையில் இங்க் கரையக் கரைய, வெளுத்துக் காய்ந்த தோல் தெரிந்தது. அங்கே எவ்வளவு துடைத்தும் அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும், தள்ளிப்போட்டால் விரல்கள் சுருங்கி மடங்கிவிடும் என்றார் டாக்டர். அவளுடைய அம்மா அசையவில்லை.

"வலியே இல்லன்னு சொல்லுதா. பெறவு எதுக்கு சிஸ்டரு அங்கன கொண்டுபோயி தொடைய அறுக்கணும்? கழுகுமலையான் கண்ணத் தொறந்துட்டான்."

கட்டில் கட்டிலாகப் போய்த் திருநீறு கொடுத்து, மகளுக்கு வலி இல்லாத சேதியையும் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் நெற்றியில் பூசிவிட்டாள். வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

அந்த ஊரில் எனக்கு யாரும் கிடையாது. ஊர்க்கோடியில் ஒரு வாடகை அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். ஜன்னலைத் திறந்தால் வெடித்துக் கிடக்கும் கரிசல் காடு. டூட்டி முடிந்து போனால் மறுநாள் வரை வாயைத் திறக்க வேலை இருக்காது. கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் இந்தப் பெண்தான், "சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்பாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னிடம் எதையாவது கேட்டார்கள். இதை மட்டும் யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டவளிடம் போய், உன் புறங்கைத் தோல் செத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டால் விரல்கள் போய்விடும். பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிட்டால் இவளும் போய்விடுவாள் என்று ஒரு நினைப்பும் ஓடியது. ஓடத்தான் செய்தது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"கண்ணை மூடிக்கோ. நான் எங்க தொடுறேன்னு சொல்லணும்" என்றேன் அவளிடம்.

"வெளையாட்டாக்கா?" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சுத்தமான பஞ்சுத்திரி ஒன்றை எடுத்து மணிக்கட்டில் வைத்தேன்.

"ஸ்ஸ்... மணிக்கட்டுல! எரியுதுக்கா."

"சரி, இப்போ?"

திரியைப் புறங்கையில் வைத்தேன். லேசாக அழுத்தினேன். விரல் கணுக்கள் வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனேன். அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அம்மா குனிந்து பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் பஞ்சைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தலைப்பை எடுத்துவிட்டு என் தோளைத் தொட்டு, "வண்டிய வரச்சொல்லுங்க சிஸ்டரு" என்றாள், மகள் காதில் விழாமல்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. எனக்குத்தான் தாங்கவில்லை. புறங்கையில் வைத்த பஞ்சுத்திரியை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றிருந்தேன். அந்தப் பெண் கண்ணைத் திறக்காமல் சிரித்தபடி காத்திருந்தாள்.

"என்னக்கா," என்றாள், "இன்னும் தொடலியா?"