விதைக் கடலையும் வெயில் பெட்டியும்

போன வாரம் பெரம்பலூரில் வெயிலில் நிறுத்தியிருந்த காரின் கதவைத் திறந்தேன். சூடான பெயின்ட் வாசனை முகத்தில் அடித்தது. கண்ணாடியை ஏற்றி மூடினால் எந்தக் காரும் அடுப்புதான். இதைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு இங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. கல்லங்குறிச்சியில் அக்கா வீட்டு விதைக் கடலை ஐப்பசி மழையில் நனைந்துவிட்டது. மார்கழியில் விதைக்க அதை விட்டால் வேறு கிடையாது. வெயிலோ ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் தலைகாட்டினால் அதிகம். "நான் காய வச்சுத் தரேன்" என்று கிளம்பிவிட்டேன்.

ஒரு வெயில் பெட்டி செய்தேன். கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம், அதன்மேல் பழைய ஜன்னல் கண்ணாடி, அடியில் சூடு இறங்காமலிருக்க உமி. கண்ணாடிக்குப் பதில் பாலிதீன் போட்டால் மலிவு. ஆனால் ஒரு காற்றுக்குத் தாங்காது. கீழே நுழையும் காற்று சூடாகி, கடலைத் தட்டுகளின் ஊடாக ஏறி, மேல் துளை வழியே போக வேண்டும். அந்தத் துளையில்தான் சூட்சுமம். பெரிதாக விட்டால் காற்று ஓடி ஈரத்தை இழுத்துப் போகும், சூடு ஏறாது. சிறிதாக விட்டால் சூடு ஏறும், ஈரம் உள்ளேயே சுற்றும். அந்த வயதில் சூடுதானே கெத்து? கந்தல் துணியால் துளையைப் பாதி அடைத்தேன். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைச் செருகினால், பாதரசம் உச்சியில் போய் முட்டி நின்றது. குதித்தேன்.

அக்கா வீட்டுக்காரர் உள்ளே கை விட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஏன் மாப்ள, இதுல முட்டை வேவுமா?"

"தாராளமா வேவும் மாமா!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. முட்டை வேகுமென்றால், விதை?

பெட்டியிலிருந்து பத்துப் பருப்பை ஈரச் சாக்கில் சுருட்டி, யாருக்கும் தெரியாமல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முளைக்க நாலு நாள் ஆகும். நான் மணிக்கொரு தடவை பிரித்துப் பார்த்தேன். ஓடிப்போய் மிலிட்டரியில் சேரலாமா என்றுகூட யோசித்தேன். மார்பளவு தேறாது என்பது ஞாபகம் வந்தது. நாலாம் நாள் முளைத்திருந்தது ஒன்றே ஒன்று. அதற்கும் அரை உயிர்.

அடுத்த பஸ்ஸில் போய் அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"நம்ம வூட்டு ரேடியோவப் பிரிச்சு மாட்டி, அஞ்சு ஸ்க்ரூவ மிச்சம் வச்சவன்தானடா நீ? உன்னை நம்பி முழுசும் குடுப்பனா? பாதி உள்ள ஃபேனுக்கடியில கெடக்கு."

"முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ."

மார்கழியில் பாதிக் கொல்லை நிலத்துக்குத்தான் கடலை. மீதிக்கு உளுந்து தெளித்தார்கள். என் கடலை செக்குக்குப் போனது. மாமா திட்டவேயில்லை. சாப்பிடும்போது மட்டும், "எண்ணெ வாசமா இருக்கு மாப்ள" என்றார். மறுநாளே துளையை அகலமாக வெட்டினேன்.

இப்போது அக்கா விதைக்கென்று எதையும் காய வைப்பதில்லை. கடையில் மூட்டையாக வாங்குகிறாள். "பத்துப் பருப்ப நனைச்சு வச்சுப் பாத்தியாக்கா?" என்று போனில் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குடா? பில்லு இருக்குல்ல" என்றாள்.