இருட்டிலும் எரிந்த பல்பு

மூன்றாம் வகுப்புக் கணக்கில் மகள் தவறிவிட்டாள். பள்ளி திறந்ததும் வாய்ப்பாடு கேட்போம், சொல்லாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருடம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் பாட்டுக்குப் பாண்டி ஆடப் போய்விட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதட்டினால் அவள் வாயை மூடிக்கொள்வாள். அதட்டாமல் சொல்லிக்கொடுக்க எனக்கு வராது. நான் மில்லில் எலெக்ட்ரீஷியன், அதனால் தெரிந்த தொழிலையே நம்பினேன். ஒரு பிளைவுட் பலகையில் இடப்பக்கம் கேள்விகளையும் வலப்பக்கம் விடைகளைக் கலைத்தும் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆணி அடித்தேன். பின்புறம் கேள்வியையும் அதன் விடையையும் ஒயரால் இணைத்தேன். பேட்டரியிலிருந்து வரும் இரண்டு முனைகளைச் சரியான ஜோடியில் வைத்தால் டார்ச் பல்பு எரியும்.

ஒரே வாரத்தில் அவள் எதைத் தொட்டாலும் எரிந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து பார்த்து, "த்ரே பியான்! ரொம்பப் பிரமாதம்!" என்று கைதட்டினார். எங்கள் நெல்லித்தோப்பு ஏரியா முழுக்க நான் தம்பட்டம் அடித்துக்கொண்டேன்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, ராத்திரி கரண்ட் போனது. மனைவி மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தாள். கும்மிருட்டில் மகளின் பலகையில் பல்பு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. கேள்வியே கண்ணுக்குத் தெரியவில்லை, இவள் எப்படி விடை வைக்கிறாள்?

"எட்டேழு எவ்ளோ சொல்லு?"

"கீழேர்ந்து மூணாவது ஆணிப்பா."

பலகையைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். அவள் அழுதாள். "பல்பு இல்லாம சரியா தப்பான்னு எப்டிப்பா தெரியும்?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து அதே எட்டேழை வாயால் கேட்டேன். "அம்பத்தி... நாலு?" என்று இழுத்தபடி என் முகத்தையே பார்த்தாள். என் புருவம் சுருங்கியது. "இல்ல இல்ல, ஆறு!" என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "ஏங்க, இப்ப நீங்கதான் பல்பு. மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினு கேளுங்க."

சுவரைப் பார்த்துக் கேட்டேன். பாதிக்குத்தான் பதில் வந்தது. அன்று ராத்திரி அவள் மட்டும் நன்றாகத் தூங்கினாள்.

பள்ளி திறந்த அன்று வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். நாலைந்து கேள்விகள் தட்டுத்தடுமாறிப் போயின. பிறகு டீச்சர் எட்டேழு கேட்டார். மகள் திரும்பி என்னைத் தேடினாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் வாயசைத்துச் சொல்லிவிடலாமா என்று பரபரத்தது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு தெருப்பக்கம் திரும்பிவிட்டேன். பெற்ற பிள்ளையைக் கைவிட்டதாகவே தோன்றியது. எதிர்ச்சாரியில் ஒருவர் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தார், அந்த மெஷினில் கட்டியிருந்த மணி நிற்கவே இல்லை.

"அம்பத்தாறு மிஸ்."

"நல்லா யோசிச்சு சொல்லு. அம்பத்தாறா?"

இப்படி ஒரு கேள்வி போதும், அவள் வேறு எண்ணுக்குத் தாவிவிடுவாள்.

"அம்பத்தாறுதான் மிஸ்."

டீச்சர் அடுத்த கேள்விக்குப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசிக் கேள்வி முடியும்வரை நான் திரும்பவே இல்லை.