கரிமருந்து மூஞ்சிப் பூனைகள்

"பூனை நல்ல பூனைதான்டி. மூஞ்சியக் கொண்டுபோய்க் கரிமருந்துல வச்சிருச்சு."

ஏழாயிரம்பண்ணை வேனுக்காகக் காத்திருந்த பட்டாசு கம்பெனி அக்கா ஒருத்தி, எங்கள் கடைக் கண்ணாடியை எட்டிப் பார்த்துத் தோழியிடம் சொன்னது. வெளிறிய உடம்பு, கறுத்த முகம், காது, கால், வால், நடுவில் நீலக் கண். சயாமீஸ் பூனைக்கு இதைவிடச் சரியான வர்ணனையை விலங்கியல் பட்டப்படிப்பில் நான் படித்ததில்லை.

செல்லப்பிராணிக் கடையைப் பிராணி விற்கும் தொழில் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது புகார் கேட்கும் தொழில். நாலு பேர் பார்த்தாலே பேச்சு வராத என் போன்றவர்கள் கவுண்டரில் உட்கார்ந்து படும் பாடு, அப்படி உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளையா ஒண்ணு

சிவகாசியில் பட்டாசு கம்பெனி வைத்திருக்கும் வீட்டு அம்மா ஒருவர் மகளோடு வந்தார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஹால் சோபாவில் வெள்ளையாக ஒரு பூனை இருக்க வேண்டுமாம். மகள் என்னைப் போல நல்ல கறுப்பு. என்னைவிடப் பேச்சு குறைவு. சயாமீஸ் குட்டி ஒன்று அவள் துப்பட்டாவைப் பிடித்து ஏறித் தோளில் உட்கார்ந்தது. அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

குட்டிக்கு மூக்கிலும் காது நுனியிலும் மட்டும் லேசான காப்பிக் கறை. பிறக்கும்போது வெள்ளை, போகப் போகக் கருக்கும் என்று இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டிச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டார்.

"எங்க வீட்டுல எப்பிடிக் கருக்கும் பாப்பா? எந்நேரமும் ஏசியில்ல ஓடுது!"

பசியாத்திட்டு வா

இந்த இனத்துக்குத் தனியாக இருப்பது ஆகாது. கடையில் ஒரு பெரிய சயாமீஸ் உண்டு. நான் கழிவறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். கதவைச் சாத்தினால் மியாவ் என்று சொல்லாது. பச்சைப்பிள்ளை வீறிடுவது போல அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகை.

ஒருநாள் கூட்ட நேரம் என்று அதை உள்ளறையில் விட்டுச் சாத்தியிருந்தேன். பக்கத்துக் காலண்டர் கடைக்குப் புதிதாக வந்த அக்கா, அழுகை பொறுக்காமல் ஓடி வந்தார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மீன் தொட்டி வாங்க வந்த ஆண்கள் நாலு பேரும் மீனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கத்தினார்:

"புள்ளை உள்ள கெடந்து உசுர விடுது, நீ இங்கன பில்லு போட்டுக்கிட்டு இருக்க! போயி பசியாத்திட்டு வாடி மொதல்ல!"

எலிக்கு என்று வாங்கியவர்

விருதுநகர் வத்தல் வியாபாரி ஒருவர் குடோன் எலிக்காக ஓரியண்டல் பூனை வாங்கிப் போனார். சயாமீஸின் பங்காளி அது. அதே ஒல்லி உடம்பு, அதே குணம். நிறம் மட்டும் முழுக் கறுப்பு, காது வவ்வாலிடம் இரவல் வாங்கியது.

பத்து நாள் கழித்து வந்தார், பூனை தோளில் உட்கார்ந்திருந்தது. எலியைக் கண்டால் இறங்காதாம். அங்கேயே இருந்துகொண்டு, அந்த மூலை, இந்த மூட்டை என்று அவர் காதுக்குள் கத்துமாம். அவர்தான் கம்பை எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமாம். பூனையைத் திருப்பித் தரவும் மனசில்லை, தடவிக்கொண்டே சொன்னார்:

"நான் பூனைதான தாயி கேட்டேன்? சூப்பர்வைசரா கேட்டேன்?"

கருத்துப்போச்சு

ஆறு மாதம் கழித்துப் பட்டாசு கம்பெனி அம்மா மறுபடியும் மகளோடு வந்தார். மகள் கையில் கூடை. கூடைக்குள் அன்று வாங்கிப்போன குட்டி. முகம் முழுக்கக் கரி, காலில் கறுப்புச் சாக்ஸ், முதுகுகூடப் பழுப்பேறிவிட்டது. கடலை மாவு பூசிக் குளிப்பாட்டியும் பார்த்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பூனையை மாற்றித் தர வேண்டும்.

"வந்தவுக என்ன நெனப்பாக? இந்த வீட்டுல பூனைகூடக் கருப்புன்னுதான?" என்றார். மகள் கூடைக்குள் கையை விட்டாள். பூனை அந்தக் கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

நான் விளக்கினேன். இதன் ரோமம் குளிர்ந்த இடத்தில்தான் கருக்கும். உடம்பிலேயே குளிர்ந்த பாகம் முகமும் காதும் காலும் வாலும். அதனால்தான் அங்கே முதலில் கருக்கிறது. ஏசி ஓட ஓட உடம்பும் கருத்துவிட்டது. சூடான இடத்தில் வளர்ந்தால் வெளுப்பாகவே இருக்கும்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெயில்ல கெடந்தா வெளுக்குமா? அப்ப எங்க கம்பெனியில மருந்து காய வைக்கிற பொம்பளைக பூராம் வெள்ளைக்காரியளா?"

மகள் முதன்முறையாக வாயைத் திறந்து என்னிடம் கேட்டாள்: "ஏசி போட்டா இன்னும் கருக்குமாக்கா?"

"கருக்கும்" என்றேன்.

அம்மா அதற்குள் பாரசீகப் பூனைக் கூண்டுப் பக்கம் போய், இருப்பதில் எது வெள்ளை என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது மகளையும் காணோம், கூடையையும் காணோம். வாசலில் கார் நின்றது. பூனையை வாங்கி வர அம்மா என்னைத்தான் அனுப்பினார். கண்ணாடியைத் தட்டினேன்; அவள் இறக்கவில்லை. மடியில் பூனையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே கையை நீட்டி ஏசியைக் கடைசிவரை திருகினாள்.