பார்லர்க்காரியின் மகள் என்ன படிக்கப் போகிறாள்?

பார்லர் நாற்காலியில் வந்து உட்காரும் எல்லாருக்கும் பார்லர்க்காரியின் மகளைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. மகள் பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டாள், அடுத்து எங்கே சேர்ப்பது என்றே புரியவில்லை என்று யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னாலும் சொன்னாள், அன்றிலிருந்து தலையைக் கொடுத்தவர்கள் எல்லாம் யோசனையும் கொடுத்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் கணக்கியல்தான் என்றார். பல் மருத்துவரின் மனைவி பல் மருத்துவம் என்றார். தன் கணவர் ஒருநாளும் நேரத்துக்கு வீட்டுக்கு வருவதில்லை என்று அதே மூச்சில் குறையும் பட்டுக்கொண்டார். இன்னும் நடக்கும்போதே தடுக்கி விழுகிற பிள்ளைக்குத் தாயான ஒருத்தி, அவன் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் சேரப்போகிறான் என்பதை முடிவு செய்தே வைத்திருந்தாள்.

"ரொம்ப லேட்டுக்கா நீங்க" என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்தபடி.

கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது பொறுமை காப்பது தொழில் தர்மம். பார்லர்க்காரி பல்லைக் கடித்துக்கொண்டு, "தலையைக் கொஞ்சம் குனிங்க" என்றாள்.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். சாப்பாட்டு மேசையில் பாதியைக் கல்லூரிகளின் விளம்பரக் கையேடுகள் பிடித்துக்கொண்டிருந்தன. மகள் அவற்றின் மேலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டாள். பளபளப்பான அட்டைகளில் சிரித்துக்கொண்டிருந்த மாணவர்களின் முகத்திலெல்லாம் குழம்புக்கறை.

"என்ன படிக்கலாம்னு இருக்கே?"

"தெரியல."

"சரி, எது பிடிக்கும்?"

"தெரியல."

"எது பிடிக்காதுன்னாவது சொல்லு."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "இப்படி உக்கார வச்சுக் கேக்கறது."

ஊமைக்கோட்டான் என்று அவளுக்கு அம்மா வைத்த பெயர் சும்மா வைத்ததல்ல. தோழிகளோடு போனில் மணிக்கணக்காகப் பேசுவாள். அம்மா அறைக்குள் வந்தால் வாய்க்குப் பூட்டு.

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எந்தக் கேள்விக்கும் அவரிடம் இருந்தது ஒரே பதில்தான், "பாத்துக்கலாம்."

"லிஃப்ட் நடுவுல நின்னா உள்ளே மாட்டிக்கிட்டவங்ககிட்டயும் இதைத்தான் சொல்வீங்களா?"

"ஆமா, அப்படித்தான் சொல்வேன்" என்றார் அவர், கூசாமல்.

போதாக்குறைக்குப் பார்லர்க்காரியின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, "பொண்ணைக் கம்ப்யூட்டர்ல போட்டுடு" என்பான், ஏதோ அழுக்குத்துணியை மெஷினில் போடுகிற மாதிரி. இரண்டு ஆண்களுக்கும் நடுவில் தான் ஒருத்திதான் இந்தத் தேரை இழுக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. தேரோ நகர மறுத்தது.

அவள் ஆசைப்பட்ட கல்லூரி, பெற்றோரும் மாணவர்களும் சுற்றிப் பார்க்க ஒருநாள் கதவைத் திறந்து வைத்தது. முன்பதிவுகளையெல்லாம் தள்ளி வைத்து, கடையைப் பூட்டிக்கொண்டு மகளை அழைத்துப் போனாள். அழைக்காமலே அண்ணனும் வந்து சேர்ந்தான், இஸ்திரி கலையாத சட்டையோடு.

விடுதி எப்படி, வேலை கிடைக்குமா, ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று பார்லர்க்காரி கேட்டுத் தீர்த்தாள். மகள் சுவரோடு சுவராக நின்றாள். வயதான பேராசிரியர் ஒருவர் அவள் பக்கம் திரும்பி, "உனக்குக் கணக்கு எப்படிம்மா?" என்று தன்மையாகக் கேட்டார்.

"நல்லா போடுவா சார்" என்றாள் அம்மா.

"எங்க பரம்பரைக்கே கணக்கு கை வந்த கலை" என்றான் அண்ணன். அவன் பள்ளியில் கணக்குப் பரீட்சையைத் தாண்டிய விதம் குடும்பத்தில் இன்றுவரை யாருக்கும் விளங்காத ரகசியம்.

மகளின் முகம் வெளுத்தது. கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. போன் அணைந்திருந்தது. இரண்டு பேரும் மாடி மாடியாக ஏறி இறங்கித் தேடினார்கள். கடைசியில் வாசல் காவலாளி, அந்தப் பெண் அப்போதே பஸ் ஏறிப் போய்விட்டதே என்றார்.

வீட்டில் அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வழி முழுக்கச் சேர்த்து வைத்த பயமும் அவமானமும் பார்லர்க்காரியின் வாயில் வசவாக வந்தன.

"கடையைப் பூட்டிட்டு நாயா அலையறேன். எனக்கா? உனக்காகத்தானே?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்காகன்னா என்னைப் பேச விட்டிருக்கணும்."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பேசு பேசு என்று வருஷம் முழுக்கக் கெஞ்சினால் பேசாதவள், கதவைச் சாத்திக்கொண்டு நியாயம் பேசுகிறாள். ஆனால் அன்று படுக்கையில் அந்தப் பேராசிரியரின் கேள்வி மறுபடி மறுபடி நினைவுக்கு வந்தது. கேட்டது மகளை. பதில் சொன்னது யார்? அந்த யோசனை பிடிக்காமல் திரும்பிப் படுத்தாள்.

பல நாள் இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நடமாடினார்கள். பிறகு ஒரு சாயங்காலம் மகள் பள்ளிப்பையோடு கடைக்கு வந்தாள். வேறு யாரும் இல்லை.

"பரீட்சைக்கு போட்டோ எடுக்கறாங்க. முடி கண்ணுல விழுது. வெட்டிவிடு."

பார்லர்க்காரி துணியைப் போர்த்தினாள். அவளிடம் ஒரு நீண்ட பிரசங்கம் தயாராக இருந்தது. தொண்டை வரை வந்தும்விட்டது. அப்போது கண்ணாடியில், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்த்தாள். இந்த நாற்காலியில் எத்தனை பேர் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் சொல்லாததையெல்லாம் அவளிடம் கொட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் அவள் எதையும் தோண்டியதில்லை. கை வேலை செய்யும், வாய் "ம்" கொட்டும், அவ்வளவுதான். ஊராருக்குக் கொடுத்த அந்தக் காதைப் பெற்ற பெண்ணுக்குக் கொடுத்ததில்லை. அவள் முடியை நனைத்துச் சீவினாள். வாயைத் திறக்கவில்லை. அது லேசான காரியமாக இல்லை.

"எனக்குக் கணக்கு வராதும்மா" என்றாள் மகள்.

"ம்."

"போன வருஷத்துலேர்ந்தே புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டறேன். மனப்பாடம் பண்ணி எழுதறேன். கொஞ்சம் மாத்திக் கேட்டா முடிஞ்சுது."

கத்தரிக்கோல் நின்றது. ஏன்டி இத்தனை நாள் சொல்லவில்லை என்பது நுனிநாக்கில் இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"அப்புறம்?"

"மேப்னா பிடிக்கும். நிலத்தை அளந்து மேப் போடறவங்க இருக்காங்கல்ல, அந்த வேலை. ஆனா அதுக்கும் கணக்கு வேணுமாம். அதான் யார்கிட்டயும் சொல்லல."

பார்லர்க்காரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெண்ணுக்கு ஆசை இருந்திருக்கிறது. அதை அடைக்கோழி மாதிரி மேலே உட்கார்ந்து மறைத்திருக்கிறாள். இங்கே ஒருத்தி ஊரெல்லாம் கையேடு பொறுக்கியிருக்கிறாள். அன்று நெற்றிமுடி ஒரு பக்கம் சற்றே ஏறிப்போயிற்று. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படி வெட்டியதில்லை.

மறுவாரம் இருவரும் கணக்கு ஆசிரியையைப் பார்க்கப் போனார்கள். "நீதான் பேசணும். நான் கூட இருப்பேன்" என்று வழியிலேயே சொல்லிவிட்டாள். ஆசிரியையின் முன்னால் மகள் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்லர்க்காரி கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கிப் பிய்த்தே விட்டாள். கடைசியில் மகள் சொன்னாள், திக்கித் திணறி, ஆனால் தானே.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றார் ஆசிரியை.

"சந்தேகம் இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்று பார்லர்க்காரி வெடித்தாள். மகள் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். ஆசிரியை முகம் சிவந்துபோய், பள்ளி விட்ட பிறகு நடக்கும் சிறு வகுப்பில், விட்ட இடத்திலிருந்து சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் போன் செய்தபோது அவள் பூசி மெழுகவில்லை. "அவ படிப்பைப் பத்திக் கேக்கணும்னா இனிமே அவகிட்டயே கேளுண்ணா." அவன் கோபித்துக்கொண்டு சில வாரம் கூப்பிடவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

அதற்காக மகள் ஒரே நாளில் கணக்குப்புலி ஆகிவிடவில்லை. அழுதாள், புத்தகத்தை விட்டெறிந்தாள், ஒருநாள் வகுப்புக்குப் போகாமல் படுத்துக்கொண்டாள். அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து, லிஃப்ட் கம்பி தாங்கும் எடையை எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லி எழுப்பினார். தேர்வில் கணக்கில் தேறினாள், அவ்வளவே. அம்மா ஆசைப்பட்ட கல்லூரி இடம் தரவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று பார்லர்க்காரி கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழுதாள். பேருந்து மாறிப் போகவேண்டிய ஒரு சின்னக் கல்லூரியில் நில அளவைப் படிப்பு இருந்தது. அதை மகளே தேடிப்பிடித்து, தானே போய்ப் பேசி, சேர்ந்துவிட்டு வந்து சொன்னாள்.

"நில அளவையா? பொம்பளப் பிள்ளைக்கா? வெயில்ல நிக்கணுமே" என்றார் வங்கி அம்மாள்.

"தொப்பி போட்டுக்குவா" என்றாள் பார்லர்க்காரி.

மழை விட்ட ஒரு மாலை. மகள் முழங்கால் வரை சேற்றோடு, ஷூவைக் கழற்றாமல் கூடத்துக்குள் நடந்து வந்தாள். ஓடைக்கரையை அளக்கக் கூட்டிப் போனார்களாம், கருவியின் மூன்று காலில் ஒன்று சேற்றில் புதைந்ததாம், அவள் எடுத்த அளவு மட்டும்தான் சரியாக வந்ததாம். பேசிக்கொண்டே அப்போதுதான் துடைத்திருந்த தரையைக் குறுக்கும் நெடுக்குமாக மிதித்தாள்.

பார்லர்க்காரி முதலில் வாய் வலிக்கத் திட்டினாள். பிறகு தரைத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கருவியின் கால் எப்படிப் புதைந்தது என்று கேட்டாள்.