நான்காவது புள்ளியின் சூடு

விழுப்புரத்திலிருந்து தினமும் திண்டிவனத்துக்குப் பேருந்தில் போய் வந்துகொண்டிருந்தேன். இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் உழைத்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஃபியூயல் செல் இருந்தது. ஹைட்ரஜனையும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் வைத்து மின்சாரம் எடுக்கும் சின்னப் பெட்டி. நடுவில் ஒரு மெல்லிய சவ்வுதான் இரண்டு வாயுக்களையும் பிரித்து வைத்திருக்கும். அந்தச் சவ்வில் எந்த இடம் எவ்வளவு சுடுகிறது என்பது வெளியே தெரியாது. பக்கத்துத் தகட்டில் பள்ளம் கீறி, அதில் தலைமுடி போன்ற ஒளியிழையைப் பதித்து, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு உள்ளே நான்கு இடங்களின் சூட்டை அறிவது என் வேலை.

செல்லை ஓட்டியவள் கோட்டக்குப்பத்துப் பெண். என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். கணவர் துபாயில் இருந்தார்.

எனக்கு முதல் நாளிலிருந்தே பயம். ஹைட்ரஜன் பற்றிக்கொண்டால் பகலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகவே நீளக் கழியில் கட்டிய ஒரு துடைப்பம் சுவரோரம் சாத்தியிருக்கும். சந்தேகம் வந்தால் அதை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க வேண்டும். துடைப்பம் எரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று அர்த்தம். அவள் இதைச் சிரித்தபடி செய்துகாட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோடை விடுமுறையில் ஒரு மதியம். அவள் மின்சுமையைக் கூட்டியிருந்தாள். என் திரையில் மூன்று புள்ளிகள் அறுபத்தைந்து டிகிரியில் நின்றன. வாயு நுழையும் ஓரத்திலிருந்த நான்காவது மட்டும் எழுபத்தெட்டு காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பதைத் தாண்டியது.

“செல்லுக்கு வெளிய ஒட்டியிருக்கற மீட்டர் என்ன காட்டுது?” என்றேன்.

“அறுவத்தஞ்சுதான்க்கா. அசையவே இல்ல. உங்க ஃபைபரு நசுங்கிக்கினு இருக்கும். காலையிலதான போல்ட்ட டைட் பண்ணோம்.”

அப்படியும் இருக்கலாம். இழை அழுத்தப்பட்டாலும் சூடேறியது போலவே காட்டும். அது என் கருவியின் கோளாறாகவே இருக்கட்டும் என்று மனசு கெஞ்சியது.

“எதுக்கும் லோட எடுத்துடு.”

எடுத்தாள். மின்சாரம் எடுப்பதை நிறுத்தினால் சூடு இறங்க வேண்டும். இறங்கவில்லை. தொண்ணூற்றிரண்டு.

“ஏறிக்கினே போவுதேக்கா,” என்றாள். குரல் மாறியிருந்தது.

போல்ட் இறுக்கமாக இருந்தால் எண் அங்கேயே நின்றிருக்கும், இப்படி ஏறாது. சவ்வில் ஓட்டை விழுந்து, வாயுக்கள் கலந்து உள்ளேயே எரிகின்றன என்று எனக்கு உறைத்தது.

“சுவிட்ச் எதையும் தொடாத, பொறி தட்டிடும். வெளிய போய் சிலிண்டர மூடு.”

சிலிண்டர் கட்டடத்துக்குப் பின்னால் கம்பிக் கூண்டில் இருந்தது. அவள் ஓடினாள். ஆனாலும் குழாயில் மிச்ச ஹைட்ரஜன் இருக்கும். அதைத் துரத்த, எரியாத வாயுவான நைட்ரஜனைத் திறக்க வேண்டும். அந்தத் திருகு செல்லின் பக்கத்திலேயே இருந்தது.

துடைப்பத்தை நீட்டிக்கொண்டு நடந்தேன். நாலு எட்டு தூரம்தான். வாசனை இல்லை, புகை இல்லை, வெளிச்சம் இல்லை. துடைப்பத்தின் நுனியை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். அது எரியவில்லை. திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது மறந்துபோய், ஒரு கணம் தவறான பக்கம் இறுக்கினேன். பிறகு சரியாகத் திறந்தேன். உஸ்ஸென்று வாயு சீறியது. திரும்பிப் பார்த்தபோது திரையில் நூற்று நான்கு. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, அப்புறம் மெல்ல இறங்கத் தொடங்கியது.

வெளியே வண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எம் மவ டியூஷன்ல இருந்து வர்ற நேரம்க்கா. துபாய்ல இருந்து அவ அத்தா போன் பண்ணுவாரு. இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு கேட்டா இன்னா சொல்றது?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் முன்னால் செல்லைப் பிரித்தோம். நான்காவது புள்ளி இருந்த இடத்தில் சவ்வு கருகி, குண்டூசி நுழையும் அளவு ஓட்டை.

“நல்ல ரிசல்ட்டும்மா. வெளி மீட்டர்ல தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ரிசர்ச் பேப்பர்ல போடலாம்,” என்றார்.

“இழை சூடு காட்டினா தானா கேஸை மூடுற வால்வு வந்தாத்தான் சார் இனிமே ஓட்டுவோம்,” என்றாள் அவள். அவர் மறுக்கவில்லை.

வால்வு வந்து சேரும்வரை வீட்டில் என்னால் அடுப்புப் பற்றவைக்க முடியவில்லை. என் கணவர்தான் டீ போட்டார். என்ன ஆயிற்று என்று ஒருநாள் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். “வேலையை விட்டுடறியா?” என்றார். விட மனசு வரவில்லை. போகவும் பயமாக இருந்தது.

வால்வைப் பொருத்தி, புதுச் சவ்வோடு மறுபடி ஓட்டிய அன்று, அவள் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, “நீங்க சொல்லுங்கக்கா, போடுறேன்,” என்றாள். தலையை அசைத்தேன். நான்கு எண்களும் சேர்ந்தே ஏறி அறுபத்தைந்தில் நின்றன. சாயங்காலம் செல்லை நிறுத்தியபோதுதான், காலையிலிருந்து இரண்டு பேரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது தெரிந்தது.